கீபோர்டா, ஒருகைக் கீபேடா? கட்டைவிரலைக் கேட்டு முடிவெடுங்கள்

சாதாரண கீபோர்டில் கேம் ஆடும்போது இடக்கைச் சுண்டுவிரல்தான் அதிகம் உழைக்கிறது. ஷிப்ட், கண்ட்ரோல், டேப், கேப்ஸ்லாக் எல்லாம் அதன் தலையில். ஐந்து விரல்களில் பலமானதும் எந்தப் பக்கமும் வளையக்கூடியதுமான கட்டைவிரலோ, ஸ்பேஸ்பாரைத் தட்டுவதோடு சரி. ஒரு கைக்குள் அடங்கும் சின்னக் கீபோர்டான ஒருகைக் கீபேட் மாற்றித் தருவது இந்த வேலைப் பங்கீட்டைத்தான். பெரும்பாலும் கட்டைவிரலுக்கு ஒரு திசைத்தட்டோ (டி-பேட்) குச்சியோ (ஜாய்ஸ்டிக்), கூடவே இரண்டு மூன்று பட்டன்களோ கிடைக்கும். சுண்டுவிரலுக்கு இரண்டு கீகளோடு வேலை முடியும்.

ஆகவே எந்தக் கம்பெனி, எத்தனை கீ, என்ன விளக்கு என்று பார்க்குமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆடும் ஆட்டத்தில் கட்டைவிரலுக்குக் கொடுக்கப் போதுமான வேலை இருக்கிறதா? குதிப்பது மட்டும்தான் என்றால் ஸ்பேஸ்பாரே போதும், காசை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஒருகை’ என்றால் இடக்கை கீபேடில், வலக்கை மவுஸில் என்று பொருள். இரண்டு கையும் வேண்டும். ஒரு கை மட்டுமே இயங்கும் பிள்ளைக்கோ பெரியவருக்கோ இதை வாங்கிக் கொடுத்தால் பாதி ஆட்டம்தான் ஆட முடியும். அவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் பொருத்தம். அதன் பின்பக்கம் வரிசையாக உள்ள 3.5 மி.மீ. துளைகளில் கால்மிதி, பெரிய பட்டன், குச்சி என எது வசப்படுகிறதோ அதைச் செருகிக்கொள்ளலாம்.

வாங்குமுன் மூன்று மாலைச் சோதனை

இதற்கு ஒரு காகிதமும் கொஞ்சம் ஒட்டுநாடாவும் போதும்.

1. நீங்கள் அதிகம் ஆடும் ஆட்டத்தின் கண்ட்ரோல் பக்கத்தைத் திறந்து, உண்மையில் பயன்படுத்தும் செயல்களை மட்டும் எழுதுங்கள். பட்டியலில் இருந்தும் நீங்கள் தொடாதவற்றை விட்டுவிடுங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் எதிரே குறி போடுங்கள். அழுத்திப் பிடித்தே இருப்பவை (நடை, ஓட்டம், பதுங்கல்) ஒரு வகை. அடிக்கடி தட்டுபவை (குதி, ரீலோட், திறன்கள்) இன்னொரு வகை. எப்போதாவது தொடுபவை (மேப், பை, மெனு) மூன்றாவது.

3. கீபோர்டில் 6, அதன் கீழே ஒய், எச், என் ஆகிய நான்கு கீகளின் மேலும் நாடாவை ஒட்டுங்கள். இதற்கு இடப்பக்கம் இருப்பதுதான் உங்கள் கீபேட் என்று வைத்துக்கொண்டு மூன்று மாலை ஆடுங்கள். ஒரு மணி நேரத்தில் கை எத்தனை தடவை நாடாவைத் தாண்டுகிறது என்று கோடு போட்டு வாருங்கள்.

ஐந்தாறு கோட்டில் அடங்கினால் கீபேட் உங்களுக்கு ஒத்துவரும். தாண்டியவை பெரும்பாலும் மேப், பை மாதிரி மூன்றாவது வகையாகவே இருக்கும். அவற்றைக் கீபேடின் ஓரக் கீகளுக்கு மாற்றிவிடலாம். முப்பது, நாற்பது என்று ஏறினால் கீபோர்டிலேயே இருங்கள். 1 முதல் 0 வரை படைக்குழுக்களைப் பிரித்து வைத்து ஆடும் வியூக ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சுடும் ஆட்டங்களில் பன்னிரண்டு பதினைந்து செயல்தான். அங்கே எண்பலகையும் அம்புக்குறிக் கீகளும் இல்லாத, அகலம் குறைந்த 60 சதவீதக் கீபோர்டே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். இருபது, முப்பது திறன்களை மாற்றி மாற்றித் தட்ட வேண்டிய எம்எம்ஓ (இணையத்தில் பெருங்கூட்டம் ஒரே உலகில் ஆடும்) ஆட்டங்களில்தான் கீபேட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

அரட்டை அடிப்பவரா?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, வாங்கிய மறுநாளே சிக்குகிறது. கீபேடில் இருப்பது கீபோர்டின் இடப்பாதி மட்டும். மொரீசியசில் நண்பர்களோடு ஆடும்போது ஆட்ட நடுவே கிரியோலில் ஒரு ‘கி மான்யேர்’ (ki manyer, எப்படி இருக்கிறாய்) அடிக்கவேண்டுமென்றால் அதற்கு வேண்டிய எட்டு எழுத்தில் ஏ, இ, ஆர் மூன்றுதான் இடப்பக்கம் இருக்கின்றன. மற்ற ஐந்தும் வலப்பக்கம்.

தமிழில் அடிப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைக்கு, மெய்கள் ஏறத்தாழ முழுக்க வலக்கைக்கு. இடப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்று அலறலாம், ஒரு வார்த்தை எழுத முடியாது. ஆகவே கீபேட் வாங்கினாலும் முழுக் கீபோர்டு மேசையை விட்டுப் போகாது. மானிட்டருக்கு அடியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். அந்த இடம் இல்லாத சின்ன மேசை என்றால், பேச்சுக்கு மைக் பயன்படுத்துபவர் மட்டும் கீபேடுக்குப் போகலாம். வீட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அதே கம்ப்யூட்டரில் பாடம் தட்டுகிறார்கள் என்றால், தினமும் வயரைப் பிடுங்கிச் செருகுகிற வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மொழிக் கம்ப்யூட்டரில் வரும் வினை

மொரீசியசில் ஒரே கம்ப்யூட்டரில் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் இருப்பது சாதாரணம். கடையில் வாங்கிய கீபோர்டு குவெர்ட்டியாக (ஆங்கில எழுத்து வரிசை) இருக்கும், ரியூனியனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த லேப்டாப் ஆசெர்ட்டியாக (பிரெஞ்சு எழுத்து வரிசை) இருக்கும். கீபேட் இந்த வீட்டுக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பொருள் பழுது என்று திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

கீபேட் கம்ப்யூட்டருக்கு எழுத்தை அனுப்புவதில்லை. ‘இந்த இடத்துக் கீ அழுத்தப்பட்டது’ என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது விண்டோஸ். நகர்வுக்கான நான்கு கீகளை (டபிள்யூ, ஏ, எஸ், டி) வரிசையாக நோட்பேடில் தட்டிப் பாருங்கள். மொழி ஆங்கிலமாக இருந்தால் அதே எழுத்துகள் வரும். பிரெஞ்சு என்றால் இசட், கியூ, எஸ், டி என்று வரும். தமிழ்99 என்றால் ஈ, அ, இ, உ. கீபேடில் ஒரு குறையும் இல்லை, மொழிதான் மாறியிருக்கிறது. எண் வரிசையும் அப்படியே: ஆசெர்ட்டியில் ஷிப்டைப் பிடித்தால்தான் 1, 2, 3 வரும். பிடிக்காவிட்டால் 2 இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோடு போட்ட பிரெஞ்சு ‘இ’ (é) வரும்.

இடத்தின் எண்ணைப் படிக்கும் ஆட்டங்கள் எந்த மொழியிலும் சரியாக ஓடும். எழுத்தைப் படிக்கும் ஆட்டங்களில் பாத்திரம் அசையாமல் நிற்கும், அல்லது தவறான பக்கம் நடக்கும். இரண்டையும் சமாளிக்க எளிய வழி, ஆட்டத்தைத் திறக்குமுன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவதுதான்.

அதோடு முடியவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி வைத்திருக்கும் விண்டோஸில் இட ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்தால் மொழி மாறிவிடும். கீபேடில் ஓட்டத்துக்கு ஷிப்டையும் மெல்ல நடக்க ஆல்ட்டையும் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். சண்டை நடுவில் சுண்டுவிரலும் கட்டைவிரலும் ஒரே கணத்தில் படும், மொழி தமிழுக்குப் போகும், பாத்திரம் கல்லாய் நிற்கும். செட்டிங்ஸில் நேரம்-மொழிப் பகுதிக்குப் போய், டைப்பிங் என்பதற்குள் கீபோர்டின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, உள்ளீட்டு மொழியின் ஹாட் கீயை ‘எதுவுமில்லை’ என்று மாற்றிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கின்றன.

அப்படியே, ஷிப்ட் போன்ற கீயைப் பிடிக்காமலே பிடித்ததாக வைக்கும் விண்டோஸ் வசதியான ஸ்டிக்கி கீஸையும் அணைத்துவிடுங்கள். ஷிப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் அது எழுந்து ஆட்டத்தை மறைக்கும்.

எதை வாங்குவது

சந்தையில் இருப்பவை மூன்று ஜாதி. முதலாவது, கீபோர்டின் இடப்பாதியை வெட்டி எடுத்தது போன்றது. ரெட்ராகன் கே585 இந்த வகை, 42 கீ. கட்டைவிரலுக்குத் திசைத்தட்டோ குச்சியோ கிடையாது. மேசையில் இடம் மிச்சமாகும், மவுஸ் கிட்டே வரும், அவ்வளவே. அதுவே குறிக்கோள் என்றால் நல்ல பொருள்தான். ஆனால் கட்டைவிரலுக்கு வேலை தேடி வந்தவர் இதை வாங்கக் கூடாது.

இரண்டாவது, கையை வைக்க மேடை, நாலு வரிசைக் கீ, கட்டைவிரலுக்கு எட்டுத் திசையிலும் அழுத்தக்கூடிய திசைத்தட்டு. ரேசர் டார்டரஸ் வி2 இதில் பரவலானது, 32 கீகளையும் விருப்பப்படி மாற்றலாம். டார்டரஸ் புரோவில் கீ எவ்வளவு ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை 1.5 முதல் 3.6 மி.மீ. வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். விரலை இலேசாகக் கீ மேல் போட்டு வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் 1.5இல் வைத்தால் தொட்டதெல்லாம் அழுந்தும். 2.5 பக்கம் தொடங்கிக் குறைத்து வாருங்கள். இரண்டுமே இடக்கைக்கு மட்டும் செய்யப்பட்டவை.

மூன்றாவது, விரலுக்கு விரல் தனித்தனிக் கோபுரம். லாட்வியாவிலிருந்து வரும் ஏசெரான் சைபோர்க் போன்றவை. திருகைத் தளர்த்தி ஒவ்வொரு கோபுரத்தையும் உங்கள் விரல் நீளத்துக்கு நகர்த்தலாம், கட்டைவிரலுக்கு அனலாக் குச்சி (சாய்க்கும் அளவையும் உணர்வது) உண்டு, வலக்கைக்கும் கிடைக்கும். இடக்கையால் மவுஸ் பிடிப்பவர்களுக்கும், பெரிய கையோ சிறிய கையோ உள்ளவர்களுக்கும் எங்கள் தேர்வு இதுதான். கை நினைத்தபடி பொருந்த, திருப்புளியும் கையுமாக ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இரண்டாவது வகைக்கே போங்கள்.

பழைய பொருள் விற்பவர்களிடம் லாஜிடெக் ஜி13 கண்ணில் படலாம். 2009இல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை. கம்பெனியின் புதிய ஜி ஹப் மென்பொருள் அதை ஏற்காது, பழைய கேமிங் சாஃப்ட்வேரைத்தான் நிறுவ வேண்டும். அதன் சின்னக் குச்சிதான் முதலில் தேயும் உறுப்பு. விட்டதும் நடுவுக்குத் திரும்புகிறதா என்று கையால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த வகையானாலும் இந்த மூன்றைக் கேட்டுவிடுங்கள். அமைப்பு கீபேடுக்குள்ளேயே பதிகிறதா, கம்ப்யூட்டரின் மென்பொருளில் மட்டும் இருக்கிறதா? மென்பொருளில் மட்டும் என்றால் நண்பர் வீட்டில் செருகும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் மென்பொருள் தங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் என்று உறுதியான பிறகே வாங்க வேண்டும். அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை கீ பதிவாகும்? நான்கு விரலும் கட்டைவிரலும் சேர்த்து அழுத்தினாலும் ஐந்தும் பதிவாக வேண்டும். மூன்றாவது, ஸ்விட்சைச் சாலிடரிங் இல்லாமல் கழற்றி மாட்ட முடியுமா? இது ஏன் என்று கடைசியில் வருகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் கப்பல் செலவும் 15 சதவீத வாட் வரியும் சேர்த்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் செலவு பல நேரங்களில் அந்த விற்பனையையே வீணாக்கிவிடும். அதனால்தான் நாடா ஒட்டும் சோதனையை அவ்வளவு வற்புறுத்துகிறோம்.

வேகம் என்று சொல்லி விற்பதைப் பெரிதாக நினைக்காதீர்கள். வினாடிக்கு 125 தடவை செய்தி அனுப்பும் மலிவுக் கீபேடுக்கும் 1000 தடவை அனுப்பும் விலையுயர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 7 மில்லிவினாடி. மொரீசியசிலிருந்து ஐரோப்பா ஏறக்குறைய 10,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 100 மில்லிவினாடி குறையாமல் ஆகும். ஜோகன்னஸ்பர்க் சர்வர் என்றால் 3,000 கி.மீ.தான், 30இலிருந்து கணக்கு தொடங்கும். பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) குறைய வேண்டுமானால் சர்வரை மாற்றுங்கள், கீபேடை மாற்றிப் பயனில்லை.

மேசையில் வைப்பதும் கீ ஒதுக்குவதும்

முழுக் கீபோர்டு ஏறக்குறைய 44 செ.மீ. அகலம், எண்பலகை இல்லாதது 36, 60 சதவீதம் என்றால் 30. இவை மவுஸை வலப்பக்கம் தள்ளிவிட, வலத்தோள் நாள் முழுக்க விரிந்தே இருக்கும். கீபேடை உங்கள் இடத்தோளுக்கு நேர் முன்னே வையுங்கள், மவுஸை வலத்தோளுக்கு நேரே. முழங்கை உடம்போடு ஒட்டித் தொங்க வேண்டும். கீபேடைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்தால் முன்கையும் நடுவிரலும் ஒரே கோட்டில் வரும். உள்ளங்கை மேடையை, கை அதில் படுத்திருக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடியாத உயரத்துக்கு வையுங்கள். நடுவிரல் ‘முன்னே’ கீயை எட்ட நீளவேண்டியிருந்தால் மேடையை உள்ளே தள்ளுங்கள்.

நாலு வரிசைக் கீபேடில் இந்த ஒதுக்கீட்டில் தொடங்குங்கள். மேலிருந்து இரண்டாம் வரிசையின் மூன்றாம் கீ முன்னே. மூன்றாம் வரிசையின் 2, 3, 4 முறையே இடம், பின், வலம். சுண்டுவிரலுக்கு அதே வரிசையின் முதல் கீயில் ஓட்டம், அதற்கு மேலே ஒன்று, அத்தோடு விடுங்கள். ஆள்காட்டி விரலுக்கு ஐந்தாம் பத்தி: ரீலோட், எடுத்தல், கைகலப்பு. கட்டைவிரலின் பெரிய கீயில் குதி. திசைத்தட்டில் எட்டுத் திசை இருந்தாலும் நான்கை மட்டும் பயன்படுத்துங்கள். மூலைத் திசையை அவசரத்தில் அழுத்தினால் பக்கத்துத் திசைதான் விழும், சிகிச்சைக்குப் பதில் குண்டு எறிந்துவிடுவீர்கள்.

நடையைக் கட்டைவிரலுக்கு மாற்ற ஆசை வரும். அனலாக் குச்சி உள்ள கீபேடானால் மாற்றலாம், திசைத்தட்டானால் வேண்டாம். குச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு: அது தன்னை கேம்பேட் என்று சொல்லிக்கொள்ளும். மவுஸையும் கேம்பேடையும் ஒருசேர ஏற்காத ஆட்டங்களில் திரையின் பட்டன் படங்கள் மாறி மாறித் துடிக்கும், குறி தடுமாறும். அப்படிக் கண்டால் குச்சியை அந்த ஆட்டத்துக்கு மட்டும் நான்கு கீயாக மாற்றிவிடுங்கள்.

பழகும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் மூன்று நாள் தனியாட்டத்தில் நடையும் குதியும் மட்டும். பிறகு நாளுக்கு மூன்று செயலாகச் சேருங்கள். இரண்டு வாரத்தில் கை தானாகப் போகும். அதுவரை போட்டி ஆட்டங்களைப் பழைய கீபோர்டிலேயே ஆடுங்கள்.

கீ சிக்கினால், கணக்கு முடங்கினால், கை வலித்தால்

ஒரு கீயைப் பிடித்தால் மற்றக் கீகள் வேறு வேலை செய்யும் ‘இரண்டாம் அடுக்கு’ வசதி பல கீபேடுகளில் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் பாத்திரம் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற புகார் இங்கிருந்தே வருகிறது. அடுக்குக் கீயைப் பிடித்து இன்னொரு கீயை அழுத்துகிறீர்கள். அதை விடுமுன் அடுக்குக் கீயை விட்டுவிடுகிறீர்கள். அழுத்தியபோது போன செய்தி இரண்டாம் அடுக்கின் கீ, விட்டபோது போன செய்தி முதல் அடுக்கின் கீ. இரண்டாம் அடுக்கின் கீ விடுபட்டதாகக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. சில கீபேடுகளின் மென்பொருள் இதைத் தானே சரிசெய்யும், சிலவற்றில் இல்லை. இரண்டாம் அடுக்கில் பிடித்து வைக்கும் செயல்களைப் போடாதீர்கள், தட்டி விடுபவற்றை மட்டும் போடுங்கள்.

ஒரு கீ, ஒரு செயல் என்ற வரையில் பொதுவாக எந்த ஆட்டமும் ஆட்சேபிப்பதில்லை. ஒரு தட்டில் நாலு செயலை நேரக்கணக்கோடு ஓடவிடும் மேக்ரோ வேறு விஷயம், கணக்கே முடங்கலாம். 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்டிரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில், எதிரெதிர்த் திசைக் கீகளைத் தானே கையாளும் ஸ்னாப் டேப் வகை உதவிகளையும் தடுத்தது. கீபேடின் மென்பொருளில் அப்படியொன்று இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அணையுங்கள்.

உடம்பு சொல்வதையும் கேளுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கை மேசை விளிம்பில் அழுந்துகிறது, அல்லது உள்ளங்கையின் வெளியோரம் மேடையில் பாரமாக இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடிந்திருக்கிறது. கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் வலித்தால் அதற்கு வேலை கூடிவிட்டது. கட்டைவிரலுக்கு வேலை கொடுக்கத்தான் வாங்கினோம் என்று எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றினால் சுண்டுவிரல் பட்ட பாடு இதற்கு வந்துவிடும். இரண்டு செயலை ஆள்காட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் பாருங்கள். ஓய்வெடுத்தும் மரப்பு போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உப்புக் காற்றும் ஈரமும்

மாஹெபூர் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று, கியூர்பைப் மேட்டில் ஓயாத ஈரம். மெக்கானிக்கல் ஸ்விட்சின் உலோகத் தொடுமுனையில் மெல்லிய படலம் படிந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும், அல்லது எதுவுமே விழாது. நவம்பர் முதல் மே வரையான புயல் மாதங்களில், ஆடாத நாட்களில் கீபேடை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜன்னலோர மேசை வேண்டாம்.

இரட்டை எழுத்து விழத் தொடங்கினால் வயரைப் பிடுங்கிவிட்டு, கீமூடியைக் கழற்றி, தூசியை ஊதுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஸ்விட்சின் தண்டோரம் இரண்டு சொட்டு விட்டு முப்பது நாற்பது தடவை அழுத்தி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது வேண்டாம். இது ரப்பர் மெம்பிரேன் கீபேடுக்குப் பொருந்தாது. ஆல்கஹாலிலும் தேறாத ஸ்விட்சை, கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், இழுப்பானால் நேராக மேலே இழுத்து எடுங்கள். புதியதன் கால்கள் வளையாமல் துளையில் இறங்குகின்றனவா என்று பார்த்து அழுத்துங்கள். பிறகு நோட்பேடைத் திறந்து அந்த ஒரு கீயை ஐம்பது தடவை தட்டி எண்ணுங்கள். ஐம்பது எழுத்துதான் இருக்க வேண்டும்.